உபகாரச் சம்பளமும் ஜாமீன் கையெழுத்தும்

தோட்டத்துப் பிள்ளையின் கல்விக்கு உதவும் சட்டம் எது என்று கேட்டால், நம்மில் பலர் அண்மைக் காலத்துச் சட்டங்களையே நினைப்பர். அதற்கான அடி 1923 ஆம் ஆண்டிலேயே எடுத்து வைக்கப்பட்டுவிட்டது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களில் அவ்வாண்டில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்று இயற்றப்பட்டது. ஒரு தோட்டத்தில் ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ இருப்பின், அங்கே பள்ளிக்கூடம் அமைக்கும் பொறுப்பை அச்சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. கல்விக்கு இடம் கொடுத்தது கல்விச் சட்டமன்று, தொழிலாளர் சட்டம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பால்மரக் காட்டிற்கும் தேயிலை மலைக்கும் அது பொதுவாயிருந்தது.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929 ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டமும், 1933 ஆம் ஆண்டில் பாரத் தேயிலைத் தோட்டமும் தொடங்கப்பெற்றன. காட்டை அழித்துக் கொழுந்து நட்ட கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகளே. இன்று அம்மலைகளில் கொழுந்து பறிப்போருள் அயல்நாட்டார் மிகுந்துவிட்டனர். ஆயினும் ரிங்லெட், தானா ராத்தா, போ, சுங்கை பாலாஸ் ஆகிய இடங்களில் தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. மூன்று, நான்கு தலைமுறைகளாக அங்கு வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் அவற்றிலே பயின்று, தானா ராத்தாவிலுள்ள சுல்தான் அகமட் ஷா இடைநிலைப்பள்ளி போன்ற பள்ளிகளுக்குச் செல்கின்றனர். அங்கிருந்து மேலே செல்லும்போதுதான் பணமும் சட்டமும் ஒன்றாக வந்து வாசலில் நிற்கின்றன. பால்வெட்டுத் தொழிலில் இருக்கும் நம் வாசகர்களின் வீட்டு வாசலுக்கும் அவை அவ்வாறே வருவதால், தேயிலை மலைக் குடும்பங்களின் நிலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தை எழுதுகிறோம்.

பள்ளிப் பருவத்தில்

பள்ளிப் பருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளிக் கட்டணம் 1962 ஆம் ஆண்டு முதல் இல்லை. பாடநூல் இரவல் திட்டம் 1975 ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டு, 2008 ஆம் ஆண்டு முதல் வருமானம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. வறிய மாணவர்களுக்கான அறநிதி 2003 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. தலைமையாசிரியர் வழியாக அதற்கு மனுச் செய்யலாம். அதே 2003 ஆம் ஆண்டு, ஜனவரி முதல் நாளன்று, தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. ஆறு வயது நிரம்பிய பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தவறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் திருத்தம் கூறுகிறது. உதவியைச் சட்டம் தருகிறது. அவ்வுதவியைப் பெற்றுக்கொள்ளும் கடமையையும் அதே சட்டம் நம்மீது வைக்கிறது.

அரசியலமைப்பு கூறுவது

உபகாரச் சம்பளம் பற்றிப் பேசுமுன் நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் இரண்டு விதிகளை அறிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் விதி, பொது அதிகார அமைப்பு ஒன்று தன் நிதியிலிருந்து மாணவர்களின் கல்விக்கோ பராமரிப்புக்கோ உதவும்போது, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. நூற்று ஐம்பத்து மூன்றாம் விதி, மலாய்க்காரர்க்கும் சபா, சரவாக் சுதேசிகளுக்கும் உபகாரச் சம்பளங்களில் நியாயமான அளவை ஒதுக்கி வைக்கும் பொறுப்பை மாமன்னரிடம் அளிக்கிறது. பிற சமூகங்களின் நியாயமான நலன்களைப் பாதுகாக்கும் பொறுப்பையும் அதே விதி அவரிடமே அளிக்கிறது. அவ்விதியின் நான்காவது உட்பிரிவைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. ஒருவர் ஏற்கெனவே பெற்று வரும் உபகாரச் சம்பளம் தொடர்ந்து கிடைப்பதை இவ்வொதுக்கீட்டின் பெயரால் பறிக்கலாகாது என்று அது கூறுகிறது. இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தவர்கள் வீண் அச்சமும் கொள்ளார், வீண் நம்பிக்கையும் கொள்ளார். ஒதுக்கீடு உண்டு, ஆயினும் மனுச் செய்யும் தகுதி நம் பிள்ளைகளுக்கும் உண்டு. மனுவே செய்யாத பிள்ளைக்கு இரண்டு விதிகளாலும் பயனில்லை.

மத்திய அரசும் மாநில அரசும்

நம் நாட்டில் கல்வி, மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் உள்ளது. ஆகவே பொதுச் சேவை இலாகாவின் உபகாரச் சம்பளங்களும், தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன்களும் நாடு முழுமைக்கும் ஒன்றே. 1966 ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த துங்கு அப்துல் ரஹ்மான் அறவாரியமும் அவ்வாறே நாடு தழுவியது. ஆனால் மாநிலங்களும் தத்தம் சட்டமன்றத்தில் சட்டம் இயற்றிக் கல்வி அறவாரியங்களை அமைத்துள்ளன. 1966 ஆம் ஆண்டில் எழுந்த சபா அறவாரியம் இவற்றுள் மூத்த ஒன்று. பகாங் அறவாரியம், பேராக் அறவாரியம், சிலாங்கூர் அறவாரியம், நெகிரி செம்பிலான் அறவாரியம் என ஒவ்வொரு மாநிலத்தார்க்கும் ஓர் இடம் உண்டு. இவை பொதுவாக அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கே உதவுகின்றன.

இங்கேதான் கேமரன் மலைக் குடும்பங்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் நேர்கிறது. மலையிலிருந்து கீழே இறங்கினால் ஒருபுறம் தாப்பா, மறுபுறம் ஈப்போ. இரண்டும் பேராக் மாநிலத்தவை. பெரிய மருத்துவமனைக்கும், துணிக் கடைக்கும், திருமணப் பேச்சுக்கும் மக்கள் அங்கேதான் செல்கின்றனர். பிள்ளைகளுள் பலர் ஈப்போவிலேயே பிறந்தும் இருப்பர். ஆனால் கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்த மாவட்டம். அம்மாநிலத்தின் தலைநகர் குவாந்தானோ, நாட்டின் கிழக்குக் கரையில், மலைத்தொடருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே பேராக் அறவாரியத்துக்கு மனுப் போட்டுவிட்டு, "நீங்கள் வெளி மாநிலத்தார்" என்ற பதிலுக்காகக் காத்திருந்து, பகாங் அறவாரியத்தின் தேதியையும் தவறவிடும் ஆபத்து இங்கே மிகுதி. ரப்பர்த் தோட்டங்களிலும் இது நேரும். மாநில எல்லையில் அமைந்த தோட்டங்களும், வேலை தேடி ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும் நம்மிடையே பல. "மாநிலத்துப் பிள்ளை" என்பதற்கு எந்தப் பத்திரத்தை அந்த அறவாரியம் சான்றாகக் கொள்கிறது, பெற்றோரின் அடையாள அட்டை முகவரியையா, பிறப்புப் பத்திரத்தையா என்பதை மனுவுக்கு முன்னரே கேட்டு அறிக. முகவரியை மாற்றாமல் விட்ட ஓர் அடையாள அட்டை ஒரு பிள்ளையின் மனுவைத் தள்ளிவிடப் போதுமானது.

சொல் ஒன்று, பொருள் நான்கு

நம் வீடுகளில் எந்த உதவியையும் "ஸ்காலர்ஷிப்" என்றே சொல்லிவிடுகிறோம். பாரத்தில் அச்சாகியிருக்கும் மலாய்ச் சொல் வேறாக இருக்கும். "பியாசிஸ்வா" என்றால் உபகாரச் சம்பளம். நிபந்தனையை நிறைவேற்றினால் திருப்பித் தர வேண்டாம். "டெர்மாசிஸ்வா" என்பது உதவித்தொகை. பெரும்பாலும் சிறிய தொகை. "பிஞ்சாமான்" என்றால் கடன். கட்டாயம் திருப்பித் தர வேண்டும். "பிஞ்சாமான் போலே உபா" என்பது மாறக்கூடிய கடன். படிப்பின் முடிவையோ, பின்னர்ச் சேரும் வேலையையோ பொறுத்து இதன் ஒரு பகுதியோ முழுவதுமோ உபகாரச் சம்பளமாக மாறலாம், மாறாமலும் போகலாம். இந்நான்கனுள் எது என்று அறியாமல் கையெழுத்திடுவது, நிறுவைத் தராசைப் பாராமல் பாலை ஊற்றிவிட்டு வருவது போன்றது.

இனி மூன்று சொற்கள். "பெஞ்சாமின்" என்றால் ஜாமீன்தாரர். "கொந்த்ராக்" என்று தொடங்கும் பத்தியில் பிள்ளை எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்பது இருக்கும். "பெர்சாமா டான் பெராசிங்ஙான்" என்னும் தொடரைக் கண்டால் அங்கே விரலை வைத்து நிறுத்துங்கள். "சேர்ந்தும் தனித்தனியாகவும்" என்பது அதன் பொருள். பிள்ளையும் ஜாமீன்தாரர் இருவரும் இருந்தால், கடன் மூன்றாகப் பங்கிடப்படும் என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. மூவருள் யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்பதே அத்தொடர் சொல்வது.

1971 ஆம் ஆண்டு வழக்கும் 1976 ஆம் ஆண்டுச் சட்டமும்

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். அரசாங்கச் செலவில் ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒருவர், ஐந்து ஆண்டு பணிபுரிவதாக ஒப்பந்தம் செய்துவிட்டு, மூன்று ஆண்டு பத்து மாதங்களில் விலகிவிட்டார். அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1971 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் செய்துகொண்டபோது அவர் பருவ வயதை அடையாதவர். 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி பருவ வயதடையாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்றது மன்றம். ஆயினும் கல்வி, உணவையும் உடையையும் போல ஒருவருக்கு இன்றியமையாதது. இன்றியமையாததை வழங்கியவர் நியாயமான செலவைத் திரும்பப் பெறலாம் என்றும் அது கண்டது. அவர் உழைத்த காலத்தைக் கழித்து, எஞ்சிய காலத்துக்குரிய தொகையை மட்டும் கட்டும்படி தீர்ப்பாயிற்று. கேட்கப்பட்ட தொகையில் ஒரு சிறு பகுதிதான் அது. கல்வியை உணவின் வரிசையில் வைத்த இத்தீர்ப்பை நாம் மதிப்போடு நினைவுகூர்கிறோம்.

ஆனால் அரசாங்கத்தின் தரப்பிலிருந்து பார்த்தால் கவலைக்கு இடமிருந்தது. எஸ்.பி.எம். தேர்வு எழுதிய பிள்ளைக்குப் பதினேழு வயது. பருவ வயது பதினெட்டு என்று 1971 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அப்படியானால் பதினேழு வயதில் கையெழுத்திட்ட எந்த உபகாரச் சம்பள ஒப்பந்தமும் நீதிமன்றத்தில் நில்லாது போகக்கூடும். இவ்வோட்டையை அடைக்கவே 1976 ஆம் ஆண்டில் ஒப்பந்தத் திருத்தச் சட்டம் வந்தது. மத்திய அரசு, மாநில அரசு, சட்டப்படி அமைந்த கழகம், கல்வி நிலையம் ஆகியவற்றுடன் செய்துகொள்ளும் உபகாரச் சம்பள ஒப்பந்தம், மாணவர் பருவ வயது அடையாதவர் என்ற காரணத்தால் செல்லாததாகாது என்று அது விதித்தது. மேலும் ஒரு படி சென்று, மாணவர் ஒப்பந்தத்தை மீறினால் அவரும் ஜாமீன்தாரர்களும் ஒப்பந்தத்தில் குறித்த முழுத் தொகைக்கும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாவர். பாதிக் காலம் உழைத்தார் என்பதற்காகத் தொகை குறையாது என்றும் விதித்தது.

கணக்காகப் பார்ப்போம். ஒப்பந்தத்தில் குறித்த தொகை 60,000 வெள்ளி. வேலைக் காலம் ஐந்து ஆண்டு. பிள்ளை நான்கு ஆண்டு உழைத்துவிட்டு விலகினான் என்க. 1971 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் போக்கில் கணக்கிட்டால் எஞ்சுவது ஓர் ஆண்டு, அதாவது 12,000 வெள்ளி. 1976 ஆம் ஆண்டுச் சட்டப்படியோ 60,000 வெள்ளியும் கேட்கப்படலாம். ஒப்பந்தத்தையே இளக்கமாக எழுதி, உழைத்த காலத்தைக் கழித்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே தொகையும் ஆண்டும் எழுதியுள்ள பத்தியில் கழிவு உண்டா, இல்லையா என்று பார்க்காமல் பேனாவை எடுக்கலாகாது. எம் கருத்தில் இந்த ஒரு பத்தியே ஒப்பந்தம் முழுவதிலும் முதன்மையானது. மற்றப் பக்கங்களை வேகமாகப் படித்தாலும் பெருங்கேடு இல்லை.

ஜாமீன்தாரர்க்குச் சட்டம் அளிக்கும் காப்பு

கேமரன் மலைத் தோட்டம் ஒன்றில் கூடியிருந்த பெற்றோர்க்கு நாம் இதனை விளக்கியபோது, கொழுந்து பறிக்கும் தாயார் ஒருவர் எழுந்து, "எங்களுக்குச் சொந்த வீடே இல்லை, ஐயா. எதை நம்பி எங்களிடம் ஜாமீன் கேட்கிறார்கள்?" என்றார். நல்ல கேள்வி. லயத்து வீடு தோட்டத்துக்குரியது. அதனை யாரும் நம் கடனுக்காக எடுக்க இயலாது. ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தையும் கடன் கொடுத்தவர் பறிமுதல் செய்ய 1991 ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டம் இடந்தராது. எஞ்சியிருப்பது சம்பளமும், மோட்டார் சைக்கிளும், அஞ்சலகச் சேமிப்பும். நீதிமன்றம் நம் வருவாயை ஆராய்ந்து, மாதத் தவணையாகக் கட்டும்படி ஆணையிடலாம். அத்தவணையை அலட்சியம் செய்தால் மேல் நடவடிக்கை உண்டு. 2025 ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதிலிருந்து மாதம் நூறு வெள்ளி போனாலும் அடுப்பில் அது தெரியும்.

முன்னர் இதனினும் பெரிய அச்சம் ஒன்று இருந்தது, அதுவே திவால். பிள்ளையின் படிப்புக்காகவோ உறவினர் பிள்ளையின் படிப்புக்காகவோ கையெழுத்திட்ட ஒருவர், தாம் ஒரு காசும் செலவழிக்காத கடனுக்காகத் திவாலாக்கப்படலாம் என்ற நிலை இருந்தது. 2017 ஆம் ஆண்டு அக்டோபர் 6 ஆம் நாள் நடப்புக்கு வந்த திருத்தம் இதனை மாற்றியது. இலாப நோக்கமின்றிக் கல்விக் கடனுக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ ஜாமீன் நிற்பவரைச் "சமூக ஜாமீன்தாரர்" என்று சட்டம் வகைப்படுத்தி, அவர்மீது திவால் நடவடிக்கை தொடுக்கலாகாது என்று விதித்தது. பிள்ளையின் நிலை வேறு. கடன் வாங்கியவர்மீது திவால் நடவடிக்கை தொடுக்கக் கடன் தொகை குறைந்தது 100,000 வெள்ளியாக இருக்க வேண்டும் என்பது 2021 ஆம் ஆண்டு முதல் உள்ள வரம்பு. ஒன்றை மறக்கலாகாது. திவால் இல்லை என்பதால் கடனே இல்லை என்று ஆகிவிடாது. வழக்கும் தீர்ப்பும் தவணை ஆணையும் ஜாமீன்தாரரைத் தேடி வரலாம்.

தேசிய உயர்கல்வி நிதிக் கழகம்

இக்கழகம் 1997 ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. தோட்டப் பிள்ளைகளுள் உயர்கல்விக்குச் செல்வோர் மிகப் பலர் நாடுவது இதனையே. இது தருவது கடன் என்பதை மீண்டும் சொல்கிறோம். 2008 ஆம் ஆண்டு முதல் இதன் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் அமைந்தது. முதல் வகுப்புப் பட்டம் பெறுவோர்க்குத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு அளிக்கும் ஏற்பாடு உண்டு. ஆயினும் அதன் நிபந்தனைகள் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டு வந்துள்ளமையால், அண்ணன் பெற்ற சலுகை தம்பிக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. கடனைச் செலுத்தத் தவறுவோர் வெளிநாடு செல்வதைத் தடுக்கவும் இச்சட்டத்தில் அதிகாரம் வகுக்கப்பட்டது. கேமரன் மலையிலிருந்து ஆயினும் கோலக்கிள்ளானிலிருந்து ஆயினும், சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்ல எண்ணும் பிள்ளைகள் இதனை அறிந்திருப்பது நல்லது.

கடனுக்கு மனுச் செய்ய, கழகத்தின் கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்று பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். இச்சேமிப்புத் திட்டம் 2004 ஆம் ஆண்டில் தொடங்கியது. இருபது வெள்ளியில் கணக்குத் திறக்கலாம். முன்கூட்டியே திறந்தோருக்கு மனுச் செய்யும் வாரத்தில் ஓட்டமும் அலைச்சலும் இல்லை.

அண்டை நாட்டில் தேயிலை பறிக்கும் நம் உறவினர் நிலையையும் ஒரு சொல்லில் காட்டுவோம். இலங்கையில் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் எண் சட்டம் மகாபொல உபகாரச் சம்பள அறநிதியை அமைத்தது. கண்காட்சிகளாலும் அதிர்ஷ்டச் சீட்டாலும் திரட்டிய பணத்தை முதலாகக் கொண்டு, பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் அது உதவுகிறது. மலையகத்துத் தோட்டப் பிள்ளைகளும் அதனைப் பெறுகின்றனர். நம் நாட்டில் சட்டப்படி அமைந்தவற்றோடு, மக்களே அமைத்துக்கொண்டவையும் உண்டு. 1960 ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தன் அங்கத்தினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கி வருகிறது. அன்று தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணம்தான் அதன் வேர். உங்கள் வீட்டில் தாத்தாவின் பெயரில் பழைய பங்குப் பத்திரம் கிடக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பத்திரங்கள்

உபகாரச் சம்பளமும் கல்விக் கடனும் குடிமக்களுக்கே. பிறப்பு அறுபது நாளுக்குள் பதிவாகாத பிள்ளையின் தொல்லை பதினேழாம் வயதில்தான் வெளிப்படும். அப்போது தீர்க்க முனைவதற்குள் மனுக் காலம் முடிந்துவிடும். வீட்டில் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர் இருந்தால், இன்றே தேசியப் பதிவு இலாகாவை அணுக வேண்டும். சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் ஆறு மாதத்துக்கு உரியவற்றையாவது சேர்த்து வையுங்கள். ஒப்பந்தத்தின் சொற்கள் விளங்காவிட்டால், சட்ட உதவி இலாகாவின் கிளைகளில் சட்ட ஆலோசனை கேட்கலாம்.

இறுதியாக, முகவரி. கடன் காலம் பத்து, பதினைந்து ஆண்டுகள் நீளும். அதற்குள் தோட்டம் கைமாறும், பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவார்கள், லயம் இடிபடும், நாம் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போயிருப்போம். நினைவூட்டல் கடிதங்களோ தோட்ட அலுவலகத்துக்கே வந்து, அங்கே கிராணியும் இல்லாமல் திரும்பிப் போகும். கடிதத்தைக் கண்டிராதவருக்கு எதிராகவும் தீர்ப்பு வழங்கப்படலாம். ஆகவே வீடு மாறிய அதே வாரத்தில் மாணவரும் ஜாமீன்தாரரும் தனித்தனியே புதிய முகவரியை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, அஞ்சலக ரசீதை ஒப்பந்த நகலோடு ஊசி குத்தி வையுங்கள்.